உருகாத பனி

தேவா கடைத்தெருவிலிருந்து வாங்கிவந்த புடவைப் பையை வைஜெயந்தி காலால் நகர்த்திவிட்டாள்.

“எனக்கு வேணாம். என் தம்பி கொண்டாரட்டும்.”

“ம்மா, மாமாவுக்கு எட்டு தடவ போன் போட்டாச்சு. எடுக்கல.”

ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்கிற அப்பாவு, பந்தல் காலில் சாய்ந்தபடி வாட்சைப் பார்த்தார். “பொறந்த வீட்டுக் கோடிப் புடவை போடாம பொணத்தத் தூக்கக் கூடாதும்மா, வாஸ்தவம்தான். அதுக்காகப் பொழுது சாயற வரைக்கும் வெச்சிருக்கவும் முடியாது. அஞ்சு மணி. அதுக்கு மேல இந்தப் புடவைதான்.”

கண்ணாடிப் பெட்டிக்குள் வைஜெயந்தியின் கணவர் தட்சணாமூர்த்தி, நாற்பது வருஷ உப்பள மேஸ்திரி வேலையின் களைப்பை ஒரே நாளில் தூங்கித் தீர்த்துவிடுகிறவர் போலப் படுத்திருந்தார். நல்ல சாவு என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அதில் அவளுக்கும் ஆட்சேபணை இல்லை. அன்று காலை டீயோடு செல்போனில் தன் ஊமைப் படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கமான இடத்தில் வழக்கம்போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அடுப்படியிலிருந்து அவள் கேட்டாள். படம் முடிந்து, ஏதோ சமையல் வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. அதை ஓடவிடுகிற ஆள் இல்லை அவர். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி அய்யனார் வராததற்கும் அந்தப் படம்தான் காரணம். நூறு வருஷத்துக் கறுப்பு வெள்ளை. பனி கொட்டுகிற ஊரில் ஓட்டை ஷூ போட்ட ஒருவன், குளிர் தாங்காமல் சுவரில் கரியால் ஒரு கதவு வரைவான். கதவு திறந்துகொள்ளும். உள்ளே நல்ல வெயில், தோட்டம், ஒரு பெண். அவளுக்குக் கொடுக்கப் பூப் பறிக்கும்போது போலீஸ்காரர் தட்டி எழுப்பிவிடுவார். எல்லாம் கனவு. ஆனால் தொப்பியைக் கழற்றினால் உள்ளே அந்தப் பூ இருக்கும்.

கதவையும் பூவையும் தட்சணாமூர்த்தி முழுசாக நம்பினார். பனியைத்தான் நம்பவில்லை. “உப்பக் கொட்டி வெச்சி எடுத்திருக்கானுங்க. அவன் கால் எடுக்கறதப் பாத்தாலே தெரியுது.” கீழ்புத்துப்பட்டில் பயிர் வைக்கும் அய்யனார் நேரெதிர். பனியைத் தவிர அந்தப் படத்தில் எதையும் நம்ப அவன் தயாராக இல்லை. பேத்தி காதுகுத்துப் பந்தியில் இது முற்றியது. தட்சணாமூர்த்தி ஒரு கை உப்பை அள்ளி அவன் இலையில் வைத்து, “இந்தா மச்சான், பனி. உருகறதுக்குள்ள சாப்புடு” என்றார். பந்தியே சிரித்தது. அய்யனார் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அதோடு இரண்டு வருஷம் போக்குவரத்து இல்லை. வைஜெயந்தி யார் பக்கமும் பேசியதில்லை.

நாலரைக்கு அய்யனார் வந்தான். கையில் துணிப் பை. பெட்டியருகே போய் நின்றான். அழப்போகிறான் என்று பெண்கள் அவனுக்கு வழிவிட்டு உட்கார்ந்தார்கள்.

“தேவா, உங்கப்பா போன் எங்க?”

“எதுக்கு மாமா?”

“அந்தப் படத்தப் போடு. பனி எடம்.”

ஒப்பாரி நின்றது. அய்யனார் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“ஷூ நனையல,” என்றான், பெட்டியைப் பார்த்து. “போன மாசம் ஃப்ரிட்ஜ்லேர்ந்து ஐஸ சொரண்டிப் போட்டு, மேல நடந்து பாத்தேன் மாமா. ரெண்டே நிமிஷம், ஷூ சொதசொதன்னு ஆயிடுச்சி. வீடெல்லாம் தண்ணி. எங்க வீட்டுக்காரி தொடப்பத்த எடுத்துக்கினு வந்துட்டா.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை முந்தானையால் அடைத்தார்கள்.

“அப்பவே வந்து சொல்றதுக்கு இன்னாடா?” என்றாள் வைஜெயந்தி.

“பொங்கல் கழிச்சி வரலாம்னு இருந்தேங்க்கா.”

“காலையிலேர்ந்து போனும் எடுக்கல.”

“எடுத்தா இன்னா பேசறதுன்னு தெர்ல.”

போனை தேவாவிடம் கொடுத்தான். மறுபடியும் பெட்டியின் பக்கம் திரும்பினான்.

“சரி, உப்புன்னே வெச்சிக்குவோம். ஆனா அந்தப் பூவ நான் நம்ப மாட்டேன். கனவுல பறிச்சது எப்பிடித் தொப்பிக்குள்ள வரும்?”

சொல்லிவிட்டு நின்றான். இந்த இடத்தில் தட்சணாமூர்த்தி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆரம்பிப்பது வழக்கம். பறை அடிக்க வந்தவர்கள்கூடக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

“வரும்டா,” என்றாள் வைஜெயந்தி. “நீ சரியாப் பாக்கல.”

அய்யனார் அவளைத் திரும்பிப் பார்த்தான். எதிர்த்துச் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு பையிலிருந்து புடவையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, அக்காவின் தோளில் போட்டான். கையை உடனே எடுக்கவில்லை.

“தூக்கலாம்,” என்றார் அப்பாவு.

வெடி வெடித்தது. பறை கிளம்பியது. தேவா தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்திருந்த அய்யனார் குள்ளம். மற்ற மூவரும் உப்பு மூட்டை தூக்குகிற வாட்டசாட்டமான ஆட்கள். அவன் மூலை மட்டும் இறங்கியிருந்தது.

“ஆள் மாத்திக்கப்பா,” என்று அப்பாவு இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

அவன் காதில் வாங்கவில்லை. சுடுகாட்டு வழி திரும்பும்வரை பாடை அவன் பக்கமாகச் சாய்ந்தபடியே போயிற்று.