கர்னல் வீட்டுப் புகை

கர்னல் ஹாக்லி எந்தப் போரிலும் சண்டை போட்டவர் இல்லை. மிசௌரியில் முன்னூறு ஏக்கர் சணலும் பதினோரு அடிமைகளும் வைத்திருந்தால் ஊரே கர்னல் என்று கூப்பிடும், அவ்வளவுதான். அந்தப் பதினோரு பேரில் கெசியா ஒருத்தி. அவள் மகள் வைனி, ஒன்பது வயது, இன்னொருத்தி.

மிசௌரி ஆற்றுக்கு மேற்கே கான்சாஸ் மண்ணைப் புதிதாகத் திறந்துவிட்டிருந்தார்கள். அங்கே அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்பதைக் குடியேறுகிறவர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்துகொள்ளட்டும் என்று வாஷிங்டனில் இருந்தவர்கள் கைகழுவிவிட்டார்கள். ஓட்டுப்போட அங்கே குடியிருக்க வேண்டும். நிலமும் குடியிருப்பவனுக்குத்தான். கர்னலுக்கு இரண்டும் வேண்டும், ஆனால் மெத்தையை விட்டுவிட்டு வந்து குளிரில் கிடக்க மனமில்லை. ஆகவே ஒரு மேட்டில் மரக்குடிசை எழுப்பி, கெசியாவை அதில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

போகும்போது சொன்னார்: "அடுப்பு அணையவே கூடாது. புகை தெரிஞ்சா நான் உள்ள இருக்கேன்னு அர்த்தம். புகை நின்னுச்சோ, வடக்கேயிருந்து வந்த பயலுக இடத்தைப் புடிச்சுக்குவானுக."

"சரிங்க எசமான். வைனி?"

"அவ அங்க நல்லா இருப்பா. நீ ஒழுங்கா இருக்கிற வரைக்கும்."

கெசியா ஓடிவிடாமலிருக்க அவர் போட்ட பூட்டு அதுதான். ஆறு மாதம் அவள் தனியாக விறகு பிளந்தாள், தண்ணீர் சுமந்தாள், பனிப்புயலிலும் புகையைக் காத்தாள். பக்கத்தில் ஒரு மனித முகம் இல்லை. அடிமைமுறை இல்லாத வெர்மான்ட்டிலிருந்து வந்து ஏழு மைல் தள்ளிக் குடியேறியிருந்த ஸ்டிக்னி தம்பதி ஒரே ஒரு தடவை ரொட்டியோடு வந்தார்கள்.

"வீட்டுக்காரர் இல்லையா?" என்று கேட்டார் ஸ்டிக்னி.

"தூங்கறாருங்க."

ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு. திருமதி ஸ்டிக்னி சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடைத் துறைக்கு அந்தப் பக்கம், கல்லு வச்ச புகைபோக்கி. அதான் எங்க வீடு. எந்நேரமும் வரலாம்" என்றாள். கெசியா ரொட்டியை வாங்கி வைத்தாள். பெண்ணை மிசௌரியில் விட்டுவிட்டு எந்த வீட்டுக்குப் போவது?

மார்ச் கடைசியில் தேர்தல். உண்மையிலேயே குடியிருக்கிறார்களா என்று அதிகாரிகள் குதிரையில் சுற்றிப் பார்க்கப்போவதாக ஒரு வதந்தி கிளம்பியது. கர்னல் கணக்குப் போட்டார். புகை மட்டும் போதாது, குடும்பம் தெரிய வேண்டும். ஒரு பசு, நாலு கோழி, கொடியில் காயப்போட மனைவியின் பழைய பாவாடைகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார். மகள் அரபெல்லாவையும் கூட்டிப்போகிறேன் என்றதற்கு மனைவி குதித்த குதியில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

அங்கேதான் கர்னலின் மூளை வேலை செய்தது. அரபெல்லாவின் நீலக் கவுன், கையுறை, முகத்தையே விழுங்கிவிடும் ஆழமான துணித்தொப்பி எல்லாவற்றையும் வைனிக்கு மாட்டினார். சாலையிலிருந்து பார்க்கிறவனுக்கு அவள் கர்னலின் மகள்.

வண்டி வந்து நின்றபோது கெசியாவே ஏமாந்தாள். சின்ன எசமானி என்று நினைத்துத் தலைகுனிந்தாள். தொப்பிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. வைனியின் கண்கள்.

"அம்..." என்று ஆரம்பித்த பெண்ணின் தோளைக் கர்னல் அழுத்தினார். "என்ன சொன்னேன்? இந்தத் துணி உடம்புல இருக்கிற வரைக்கும் அவ உனக்கு அம்மா இல்ல. பேரு சொல்லிக் கூப்பிடு."

"கெசியா" என்றது குழந்தை. ஆறு மாதம் கழித்துக் கேட்ட முதல் வார்த்தை.

மறுநாள் காலை கர்னல் கோட்டுப் பொத்தானில் சணல் கொத்து ஒன்றைச் செருகிக்கொண்டு ஓட்டுச்சாவடிக்குக் கிளம்பினார். மிசௌரிக்காரர்கள் தங்களுக்குள் அடையாளம் தெரிய வைத்திருந்த சின்னம் அது. "புகை" என்று மட்டும் நினைவூட்டினார்.

அவர் தலை மறைந்ததும் கெசியா வேலையைத் தொடங்கினாள். அடுப்பின் பின்புறம் பெரிய கட்டையை உருட்டிவைத்து, முன்னால் பச்சை விறகை அடுக்கி, மேலே ஈரத்தழையைப் போட்டாள். ஆறு மாதம் இதே வேலை. எந்தக் கட்டை எத்தனை மணி நேரம் புகையும் என்பதில் கான்சாஸிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"வைனி, துணியைக் கழட்டாதே. தொப்பியும் இருக்கட்டும். நீ முன்னாடி நட. நான் பின்னாடி வரேன்."

"எங்க?"

"ஊர்வலம் போறோம், சின்ன எசமானி."

கறுப்புப் பெண் ஒருத்தி தனியாகப் போனால் எசமான் எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டு எங்கே என்பார்கள். எசமான் வீட்டுப் பிள்ளையோடு ஆயா போனால் யார் கேட்கப்போகிறார்கள்? பட்டப்பகலில், சாலையின் நட்ட நடுவில் நடந்தார்கள்.

இரண்டு மைல் தாண்டவில்லை. பின்னால் வந்த வண்டி ஒன்று பக்கத்தில் நின்றது. ஏழெட்டு ஆண்கள், சாராயச் சாடி, துப்பாக்கிகள், எல்லார் பொத்தானிலும் சணல். செந்தாடிக்காரன் ஒருவன் குதித்து இறங்கினான்.

"யாரு வீட்டுப் பாப்பா இது?"

"ஹாக்லி கர்னல் வீட்டுச் சின்னம்மாங்க" என்றாள் கெசியா. "அம்மை போட்டு எழுந்திருக்காங்க. காத்து படக்கூடாது."

"அம்மையெல்லாம் எங்களை என்ன பண்ணும்? மூஞ்சியக் காட்டு பாப்பா, மிட்டாய் தரேன்." தொப்பியை நோக்கிக் கை நீண்டது.

கெசியா குறுக்கே ஓர் அடி எடுத்துவைத்தாள். அப்போது தொப்பிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது வைனியின் குரலே இல்லை.

"கெசியா! இந்த ஆளு மேல சாராய நாத்தம் அடிக்குது. கையை எடுக்கச் சொல்லு. இல்லேன்னா எங்கப்பாகிட்ட சொல்லி உன் முதுகுத் தோலை உரிக்க வச்சிருவேன்!"

வண்டியே வெடித்துச் சிரித்தது. "கர்னல் ரத்தமேதான்டா! பதவிசா ஏத்துங்கடா!"

அந்த வார்த்தைகளை வைனி எங்கே கற்றாள் என்று கெசியாவுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆறு மாதம் தினமும் அரபெல்லாவிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு அது. நெஞ்சு வலித்தது. அதே நெஞ்சில் பெருமையும் பொங்கியது. என்ன பெண்ணடி நீ என்று கட்டிக்கொள்ள முடியாமல், "மன்னிச்சுக்குங்க சின்னம்மா" என்று குனிந்தாள்.

ஆக, கான்சாஸில் அடிமைமுறை வேண்டும் என்று ஓட்டுப்போட வந்தவர்களே இரண்டு அடிமைகளையும் வண்டியில் உட்காரவைத்து நாலு மைல் கொண்டுபோய், சின்னம்மாவின் அத்தை வீடு பக்கத்தில்தான் என்று கெசியா சொன்ன ஓடைத் துறையில், கைகொடுத்து இறக்கிவிட்டார்கள். செந்தாடிக்காரன் தன் தொப்பியைத் தூக்கி வணக்கம்கூடச் சொன்னான்.

திருமதி ஸ்டிக்னி கதவைத் திறந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. சூப்புக் கிண்ணம் இரண்டு வைத்தாள். வைனி தொப்பியைக் கழற்றாமல் சுவரோரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகலில் ஸ்டிக்னி கோட்டு கிழிந்து, உதடு வீங்கி வந்தார். "ஓட்டே போட விடல. ஊர்ல இருக்கிற தலைய விட ஓட்டு ஜாஸ்தி. அந்த ஹாக்லி என்ன பண்ணான் தெரியுமா? குடியிருக்கியான்னு கேட்டதுக்கு, மேட்டுப் பக்கம் கையக் காட்டி, 'அதோ பாருங்க என் வீட்டுப் புகை, என் குடும்பம் உள்ள இருக்கு'ன்னு பைபிள் மேல கையடிச்சு..." அப்போதுதான் சுவரோரம் இருந்தவர்களைப் பார்த்தார்.

அன்று எண்ணிய கள்ள ஓட்டுகளிலிருந்து அந்த மண்ணில் போட்டிபோட்டு இரண்டு சட்டசபைகள் முளைத்தன, துப்பாக்கி வந்தது, ஊர்கள் எரிந்தன. ஆறே வருடத்தில் நாடே இரண்டாகப் பிளந்து அண்ணன் தம்பியைச் சுட்டான். பெரிய மனிதர்கள் அதற்கு ஆயிரம் காரணம் எழுதினார்கள். புதிய மண்ணுக்கெல்லாம் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் உரிமையையும் மூட்டைகட்டிக் கொண்டுபோகத் துடித்தார்கள் என்பதுதான் விஷயம்.

கெசியா அதையெல்லாம் அறியாள். வெறும் வீட்டின் புகைமேல் கர்னல் செய்த சத்தியத்தைக் கேட்டு, இத்தனை மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வைனி எழுந்து வந்தாள். தொப்பியின் முடிச்சை அவிழ்த்தாள். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கெசியா, இப்ப கூப்பிடலாமா?" என்று கிசுகிசுத்தாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கிற மாதிரி கூப்பிடு."

வைனி கூப்பிட்டாள். கூரையில் ஒட்டியிருந்த தூசி உதிர, "அம்மா!" என்று கூப்பிட்டாள்.