நூறாவது அடுக்கு

ஒரே டிஸ்க்கில் நூறு அடுக்குகளாகத் தகவலை எழுதும் வித்தையை நானும் என் தங்கை கணவனும் சேர்ந்துதான் உருவாக்கினோம். டிஸ்க் என் பொறுப்பு. பார்க்க வருகிறவர்களிடம் பேசுவது அவன் பொறுப்பு. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் டிஸ்க்கை நானே துடைத்து, நானே அதைப் படிக்கும் கருவிக்குள் வைப்பேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

அன்று ஒரு தூசி அடம்பிடித்தது. துடைத்து முடித்துக்கொண்டு அரங்கத்துக்கு ஓடினேன். உள்ளே கைதட்டல் காதைப் பிளந்தது. நூறாவது அடுக்கில் நான் எழுதிவைத்த படம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க்கோ என் கையில் இருந்தது.

எல்லோரும் போன பிறகு, "படம் எங்கேருந்து ஓடுச்சு மாப்ள?" என்றேன்.

"கம்ப்யூட்டர்லேருந்து. எப்பவும் அப்படித்தான். உங்க டிஸ்க் நடுவுல காலை வாரிடுச்சுன்னா மானம் கப்பலேறிடும்ல மச்சான்?"

"எப்பவுமா?"

கம்ப்யூட்டர் வயரைத் திரையிலிருந்து பிடுங்கி எறிந்தேன். கருவியின் வயரைச் செருகி, டிஸ்க்கை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அதே படம் ஒரு பிசிறில்லாமல் விரிந்தது.

"பாருடா!" என்றேன்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. நான் பிடுங்கியது கம்ப்யூட்டர் வயர்தானா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.