கப்பலுக்குக் காஜா பாக்கி

இவர் தையல்காரர். இவர் என்றால் என் வீட்டுக்காரர். புதுத்துணி தைப்பதைவிட, தைத்ததைப் பிரித்துத் திருத்துவதில்தான் இவருக்குப் பேர். இளைத்துப் போனவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பார், சதை போட்டவர்களுக்குப் பிரித்துவிடுவார். ஆனால் சொன்ன நாளில் இவர் துணி கொடுத்து நான் பார்த்ததில்லை. வந்து நிற்பவரின் முகத்தைப் பார்க்காமலே, “முடிஞ்சிடுச்சுங்க, காஜா மட்டும் பாக்கி” என்பார். பொத்தான் மாட்டுகிற ஓட்டையை எடுக்க இவர் கேட்கும் அவகாசத்தில் சுரங்கமே வெட்டிவிடலாம். ஒரு தடவை ஜன்னல் திரைக்குக்கூட காஜா பாக்கி என்று சொல்லி ஒரு அம்மாவைத் திருப்பி அனுப்பினார். அந்த அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எங்களுக்கு ஒரே பெண். பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறாள், சம்பளம் வாங்குகிறாள், இவருக்கு மட்டும் இன்னும் பாப்பா. அந்தப் பாப்பாவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனைப் பிடித்துப்போனது. கண்ணாடியின் கால் ஆடுகிறது என்று போனாள், அவன் திருகி முடுக்கிக் கொடுத்தான். அடுத்த வாரமும் ஆடியது. அதற்கடுத்த வாரமும் ஆடியது. ஆட்டிவிட்டது யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த வயசு இருந்திருக்கிறது.

ஒருநாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அப்பாவிடம் சொல்லிவிட்டாள். இவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே “ம்” என்றார். அது சரி என்பதற்கான ‘ம்’மா, சரியில்லை என்பதற்கான ‘ம்’மா என்று எனக்கே பிடிபடவில்லை.

அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பையன் ஒரு தப்பு பண்ணினான். ‘உங்க அப்பாவுக்குக் கைவேலை பிடிக்கும்னு சொன்னியே’ என்று ஒரு பெரிய பெட்டியை வாங்கிக் கொடுத்தனுப்பினான். மூடியில் இரண்டு பாய்மரம் வைத்த மரக்கப்பல் படம். உள்ளே கப்பலைக் காணோம். முதுகெலும்பு மாதிரி ஒரு நடுப்பலகை, அதில் செருக விலா எலும்பு மாதிரி சட்டங்கள், மேலே போர்த்த ஒரு கட்டு மெல்லிய மரப்பட்டைகள், குட்டி ஆணி, நூல்கண்டு, பாய்த்துணி, விரித்தால் கட்டிலை மூடுகிற வரைபடம். எல்லாம் நாமே ஒட்டிக் கட்ட வேண்டுமாம்.

இவர் வரைபடத்தை மேலும் கீழும் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“பாப்பா, அவரு ஆசையா கொடுத்திருக்காரு. அதை அரைகுறையா வச்சுக்கிட்டு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டா மரியாதையா இருக்குமா? கப்பல் முடியட்டும். வரச் சொல்லி, உக்காந்து பேசிடலாம்.”

பாப்பா துள்ளிக் குதித்தாள். ஊரையே இழுத்தடிக்கிற மனுஷன் வாக்குக் கொடுக்கிறாரே என்று அவளுக்குத் தோன்றவில்லை. காதல் கண்ணை மறைக்கும் என்பார்கள், அவளுக்குக் காதையும் மறைத்திருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் இவர் நியாயமாகத்தான் வேலை செய்தார். முன்னறை மேசையில் விலாச்சட்டங்களை வரிசையாக நிறுத்தினார். பட்டைகளை நனைத்து, இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டி, காலர் வளைப்பதுபோல் வளைத்தார். வெள்ளைப் பசை தடவி, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டினார். ஆனால் தையல்காரர் புத்தி எங்கே போகும்? ஒவ்வொரு பட்டையையும் தையலுக்கு இடம் விட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டிவிட்டார். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட்ட ஆள் மாதிரி கப்பல் உப்பி நின்றது.

“என்னங்க, இது மாசமா இருக்கா?” என்றேன்.

“பின்னாடி பெருசாக்கணும்னா பிரிச்சு விட்டுக்கலாம்ல?” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மறுபடி ஆவியைக் காட்டினார். பசை இளகியது. எல்லாப் பட்டையும் நோகாமல் கழன்று வந்தது. அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தப்பைத் திருத்திய சந்தோஷம் என்று நினைத்தேன். என்னைப்போல் ஏமாளி உண்டா.

அப்புறம் ஒரு ஏற்பாடு சொன்னார். சாயங்காலம் கடையில் நான் உட்கார வேண்டும், இவர் வீட்டில் கப்பல் வேலையைப் பார்ப்பார். நானும் பெண்ணுக்காக என்று போய் உட்கார்ந்து, காஜா பாக்கி கேட்டு வந்தவர்களிடம் எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எவ்வளவு ஆச்சு என்று கேட்டால், “ஒரு பக்கம் முடியப் போகுது” என்பார். அந்த ஒரு பக்கம் வாரக்கணக்கில் முடியப் போய்க்கொண்டே இருந்தது. பாப்பா வேலைக்குப் போகும் முன் கப்பலை ஒரு பார்வை பார்ப்பாள், வந்ததும் ஒரு பார்வை பார்ப்பாள். எனக்குத்தான் பாவமாக இருக்கும்.

ஒரு சாயங்காலம் கடைத்தெருவில் கரண்ட் போனது. சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளே ‘புஸ்’ என்று இஸ்திரிப் பெட்டி மூச்சுவிடும் சத்தம். கதவிடுக்கில் பார்த்தால், மனுஷன் சீட்டியடித்துக்கொண்டே, முந்தின நாள் ஒட்டிய பட்டையைப் பூப்போல உரித்து எடுத்துக்கொண்டிருக்கிறார். உரித்ததைத் துடைத்து, மிச்சப் பட்டைக் கட்டோடு சேர்த்து வைக்கிறார். முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லாத ஆள் எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறார் பாருங்கள்! எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கப்பலை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அடக்கிக்கொண்டேன். சத்தம் போட்டால் இன்றைக்கு அழுவார், நாளைக்கு வேறு காஜா கண்டுபிடிப்பார்.

பாப்பாவிடம் சொன்னதும் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. “அப்பாவுக்குப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமேம்மா.”

“அழாத. அவரு பிரிக்கட்டும். நாம ஒட்டுவோம்.”

அவர் காலையில் கடைக்குக் கிளம்பினதும் நாங்கள் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்தோம். வெள்ளைப் பசை எங்களுக்கு எதற்கு? பாப்பா சூப்பர் குளூ வாங்கி வந்தாள். வைத்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும், இவருடைய ஆவிக்கு அசையாது. மூக்குப்பக்கம் வர வர பட்டையைக் குறுக்கிச் சீவ வேண்டும் என்று வரைபடம் சொன்னது, சீவினோம். இடைவெளி விழுந்த இடத்தில் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கப்பல் கன்னுக்குட்டி முதுகு மாதிரி வழவழவென்று வந்தது. எனக்கே அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கப்பலைப் பார்த்து இவர் திருதிருவென்று விழித்தார். கேட்கவும் முடியாது. ‘நான் பிரித்ததை யார் ஒட்டினது’ என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

“அடேயப்பா, நேத்து ஒரே நாள்ல இவ்வளவு வேலையா! கைராசிங்க உங்களுக்கு” என்றேன்.

“ஆமா... நேத்து கொஞ்சம் வேகமாத்தான் போச்சு” என்றார். பக்கத்து வீட்டு நர்ஸம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். அவள் வாயாரப் புகழ்ந்தாள். தான் செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு இவர் நெளிந்த நெளிவை நான் ஓரமாக நின்று ரசித்தேன்.

இப்படியே மேல்தளம் ஏறியது, பாய்மரங்கள் நின்றன. பாய் தைக்கும் வேலையை மட்டும் இவர் எங்களை முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டார், அதையாவது இழுக்கலாம் என்று. ஆனால் துணி கையில் கிடைத்தால் இவரால் மோசமாகத் தைக்க முடியாது. ஓரம் மடித்துப் பொடித்தையலில் அவ்வளவு அழகாகத் தைத்துவிட்டு, முடித்துவிட்டோமே என்று தானே விழித்தார். நாங்கள் மறுநாளே அதை மாட்டிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடிக்கும்போது பாப்பா சொன்னாள். “அப்பா, கப்பல் முடிஞ்சிடுச்சு. அவரை இன்னிக்குச் சாயங்காலம் வரச் சொல்லிட்டேன்.”

“இன்னும் காஜா மட்டும்...” என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மதியம் சாப்பிட்டதும் இவர் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசி முயற்சியாக ஒரு பட்டையையாவது பெயர்க்கப் பார்த்தாராம். ஆவி காட்டினார், நகரவில்லை. தையல் பிரிக்கும் கத்தியை நுழைத்தார், நுழையவில்லை. என்ன மாயம் என்று பெட்டியைத் துழாவியபோது, அடியில் நாங்கள் ஒளித்து வைத்திருந்த குளூ டியூப் கையில் சிக்கியது. அப்போதுதான் மனுஷனுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. ஆத்திரத்தில் அதை ஒரு அமுக்கு அமுக்கினார். பிறகு தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் கையை வைத்து யோசித்தார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது அதே கோலம்.

“என்னங்க, கன்னத்துல கை? கப்பல் கவுந்துடுச்சா?”

“கவுழல” என்றார் வாயின் பாதியால். “கை வரல.”

பார்த்தேன். உள்ளங்கையும் கன்னமும் ஒன்றாகிவிட்டன. உதட்டோரமும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“சிரிக்காதடி! ஏதாவது பண்ணு!”

பாப்பாவின் அறைக்கு ஓடினேன். நெயில் பாலிஷ் அழிக்கிற பாட்டிலை எடுத்தேன். எங்கள் விரல்கள் ஒட்டிக்கொண்டபோதெல்லாம் காப்பாற்றியது அதுதான். பஞ்சையும் எடுத்துக்கொண்டு திரும்பினால், வாசல் மணி அடித்தது. நான் முன்னறை வாசலுக்கு வருவதற்குள் பாப்பா பையனை அழைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

பையன் நல்ல பையன்தான். துவைத்து மடித்த சட்டை, கை மட்டும் கொஞ்சம் நீளம். “வணக்கம் சார்” என்று கையை நீட்டினான். இவர் அந்தக் கையைப் பார்த்தார், தன் கையை எடுக்காமல் “ம்” என்றார். பையன் நீட்டிய கையை மெதுவாகப் பையில் விட்டுக்கொண்டான்.

“கப்பல் பிரமாதம் சார். ஒரு இடைவெளிகூடத் தெரியல.”

“ம்.”

பாப்பாவின் முகம் விழுந்துவிட்டது. கை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணுக்கு அது துக்கம் காக்கிற அப்பா. பையன் உட்காராமலே சொன்னான்.

“சார், உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது, உங்களுக்கு இதுல சந்தோஷம் இல்ல. மனசு கஷ்டப்பட்டு நீங்க சரின்னு சொல்ல வேண்டாம். நான் கிளம்பறேன். என்னிக்காவது கூப்பிட்டா வரேன்.”

பாட்டில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் சிரித்துவிடுவோம். சொல்லவில்லை. பயமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் பட்டை பட்டையாகப் பிரித்தும் கிடைக்காதது, இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தாலே இவருக்குக் கிடைத்துவிடும். முடியாது என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் பேசி நடந்தால் அது என் சம்மதம். அவளுக்கு வேண்டியது அப்பாவுடையது.

பாப்பா பையனைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையன் வாசலில் செருப்பைத் தேடினான்.

“உக்காருப்பா” என்றார் இவர்.

பையன் திரும்பினான்.

“சந்தோஷம் இல்லைங்கறது நிஜம். பொய் சொல்லல. இவ போயிட்டா நானும் இவ அம்மாவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துட்டு உக்காந்திருக்கணும். நினைச்சாலே பயமா இருக்கு. அதனாலதான் இழுத்தடிச்சேன். உன்மேல ஒரு குறையும் இல்ல.” பாதி வாயால் அத்தனையையும் சொல்லி முடித்து மூச்சு வாங்கினார். “ஆனா இந்தக் கை அதுக்காக இல்ல. இது பசை. ஒட்டிக்கிச்சு.”

பையன் தொழில் பழக்கத்தில் குனிந்து, கண்ணாடி அளவெடுப்பதுபோல் அவர் கன்னத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். “நல்லா செட் ஆயிருக்கு சார்” என்றான். பாப்பாதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், அப்பாவின் தோளில் முட்டிக்கொண்டாள்.

“உங்க வீட்டுல பேசி எப்ப வச்சுக்கலாம்னு சொல்லு” என்றார் பையனிடம். “சட்டை நான்தான் தைப்பேன். உனக்குக் கை நீளமா இருக்கு.”

நான் உள்ளே போய்ப் பாட்டிலை மேசைமேல் வைத்தேன். பஞ்சை நனைத்து, கண்ணில் படாமல் கன்னத்தின் ஓரத்தில் ஒற்ற ஆரம்பித்தேன். இவர் ஓரக்கண்ணால் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது எப்பலேர்ந்து உன் கையில இருந்துச்சு?”

“அவரு மணி அடிச்சதுலேர்ந்து.”

“அடிப்பாவி. நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா?”

“கொண்டுபோய்த் தொட்டியில ஊத்தியிருப்பேன்” என்றேன். “அசையாதீங்க.”