ஓபுலேசு கத்தும் பெட்டி

டேசன் ரோட்டுல வந்து, வளைச்சு, ரிவர்சுல என் மெக்கானிக் ஷெட்டுக்குள்ள ஏத்தறதுதான் நகரிக்கு வர்ற எல்லா டிரைவரும் பண்ற வேலை. இந்த ஆளு சந்தைத் தெரு, தறித் தெரு எல்லாம் சுத்திக்கினு பின்பக்கமா வந்து ஜீப்பை நிறுத்தறான்.

"இன்னாப்பா, ஊரைப் பிரதட்சணம் பண்றியா?"ன்னேன்.

சிரிக்கல. "வண்டி பின்னால போறதை என்னால பார்க்க முடியாதுணா. முன்னாலதான் ஓட்டுவேன்"ன்னான்.

அப்பதான் ஆளை அடையாளம் தெரிஞ்சுது. தாமோதரன். காஞ்சிபுரத்துப் பக்கத்து ஆளு. எல்லைக்கல்லு நடற சர்வே பார்ட்டிக்கு டிரைவரு. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயி, நகரி ஆந்திராவுலயே நின்னுட்ட வருஷம் அது. வழியெல்லாம் கல்லு நட்டுக்கினு போனாங்க. விஜயபுரத்துக்கிட்ட ஒரு ஏரிக்கரை மேட்டுல இதே ஜீப்பு பின்னால வந்து, ஓபுலேசுன்னு கடப்பாக்காரன் ஒருத்தனை நசுக்கிப்புடுச்சு. கல்லு இறக்கிக்கினு இருந்த ஆளு. அங்கேயே உசுரு போச்சு.

அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஓபுலேசு "ஆகு! ஆகு!"ன்னு கத்தியிருக்கான். தெலுங்குல ஆகுன்னா நில்லு. தாமோதரன் தமிழ் ஆளா, "ஆகட்டும், எடு"ன்னு சொல்றான்னு நெனச்சு ஹேண்ட் பிரேக்கை விட்டுட்டானாம். விசாரணையில அப்படித்தான் எழுதி முடிச்சாங்க. டீக்கடையில ஒரு பெஞ்சு "தமிழனுக்கு எதுக்குய்யா இங்க வேலை"ன்னும், எதிர் பெஞ்சு "தமிழ் ஊருல தெலுங்குல கத்துனா இப்படித்தான்"னும் ஒரு மாசம் மல்லு கட்டுச்சு. செத்தவனைப் பத்திப் பேச ஒரு நாதி இல்ல.

"பழுது இன்னா?"ன்னேன்.

"டிரான்ஸ்பர் பெட்டி ஊளையிடுதுணா. ஆபீசரு மாத்தச் சொல்லிட்டாரு." கிட்ட வந்து என் கையைப் புடிச்சுக்கினான். விரல் எல்லாம் ஜில்லுன்னு இருந்துச்சு. "எப்படியாவது அந்தச் சத்தத்தை எடுத்துடுணா. அது சத்தம் இல்ல. ஓபுலேசு கத்தறான். சோறு எறங்கல. கண்ணு மூட முடியல. இது நிக்கலைன்னா நான் ஏரியில விழுந்துடுவேன்."

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. பேய், பிசாசுன்னு எங்கிட்ட வந்து சொன்னா எனக்கு ஆகாது. இரும்புக்கு ஏது பேயி? எஞ்சின் பலத்தை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கற பெட்டி அது. உள்ள ஷாப்டும் பேரிங்கும் தேஞ்சா பல்லு ஊளையிடும். அதையெல்லாம் சொல்லி, "வா, ஓட்டிப் பார்ப்போம்"னு நானே ஸ்டேரிங்கில உக்காந்தேன்.

வேகம் ஏற ஏறக் காலுக்குக் கீழ இருந்து கெளம்புச்சு பாரு. ஆ... கூ... ஆ... கூ... தொண்டை கிழிய ஒரு ஆளு கத்தற மாதிரியே! பொய் சொல்ல மாட்டேன், எனக்கு மயிர்க்கால் எல்லாம் நின்னுடுச்சு. பக்கத்துல அவன் காதைப் பொத்திக்கினு, "கேட்டியாணா? கேட்டியா?"ங்கறான். "இரும்புதான்யா"ன்னு அதட்டினேன். என் குரலே எனக்குப் புடிக்கல.

திருப்பதியில மிலிட்டிரி கழிச்சுப் போட்ட சாமான் விக்கிற கோவர்த்தனன்கிட்ட நல்ல பெட்டி ஒண்ணு கெடச்சுது. வண்டிக்கு அடியில படுத்து, எண்ணெயை வடிச்சு, முன்னாலயும் பின்னாலயும் சக்கரத்துக்குப் போற தண்டுங்களைக் கழட்டினேன். இந்த மாடல் ஜீப்புல ஹேண்ட் பிரேக்கு சக்கரத்துல இருக்காது. இந்தப் பெட்டியோட முதுகுலதான் ஒரு டிரம்மா இருக்கும். அதைக் கழட்டினா, அடக்கடவுளே, உள்ள பிரேக்குக் கட்டை ரெண்டும் எண்ணெயில ஊறிக் கெடக்குது, ஊறுகா மாதிரி. பெட்டி சீல் ஒழுகி ஒழுகி உள்ள எறங்கியிருக்கு. இந்த பிரேக்கு ஒரு சைக்கிளைக் கூட நிறுத்தாது. கியர்ல போட்டு நிறுத்தினாலும் பிரயோசனம் இல்ல. பெட்டிக்குள்ள பல்லு தேஞ்சு, லேசா இழுத்தாலே கழண்டுக்குது.

அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. புதுப் பெட்டி மாட்டி முடிக்கற வரைக்கும் வாயை மூடிக்கினு இருந்தேன்.

மறுநாள் புத்தூர் ரோட்டுல ஓட்டினோம். தாமோதரனே ஓட்டினான். வேகம் ஏத்தினான், கொறைச்சான், திரும்ப ஏத்தினான். ஒண்ணும் இல்ல. எஞ்சின் சத்தம், காத்துச் சத்தம், அவ்வளவுதான். "போயிடுச்சுணா"ன்னான். மூஞ்சியில மொத மொதலா களை வந்துச்சு.

நான் சும்மா இருக்கற ஆளா? "நைனா, இன்னொண்ணும் சொல்றேன் கேளு, இன்னிக்கு நீ நிம்மதியாத் தூங்குவே. அந்த மேட்டுல நீ பிரேக்கை விட்டாலும் ஒண்ணுதான், விடாட்டியும் ஒண்ணுதான். பிரேக்கு பூரா எண்ணெ. கியரு தானா கழண்டு வண்டி உருண்டிருக்கு. யோசிச்சுப் பாரு, நிக்கிற வண்டியைப் பார்த்து எவனாவது நில்லு நில்லுன்னு கத்துவானா? உருண்டுக்கினு வந்ததாலதான்யா அவன் கத்தினான். உன் காதும் தப்பு பண்ணல, பாஷையும் தப்பு பண்ணல!"

ஜீப்பை ஓரம் கட்டி எஞ்சினை அணைச்சான். அழுவான், காலைத் தொடுவான்னு பார்த்தேன். ரோட்டையே பார்த்துக்கினு இருந்தான்.

"நான் பிரேக்கை விடவே இல்லணா"ன்னான். "எறங்கி நின்ன நான் பாஞ்சு, கால் பிரேக்கு எட்டாம, ரெண்டு கையாலயும் அதை இழுத்தேன். பிடிக்கல."

"அப்புறம் ஏன்யா விட்டேன்னு சொன்னே?"

"எண்ணெ ஒழுகறது எனக்கு முன்னாடியே தெரியும். ஷெட்டுக்கு விட்டா வண்டியை வேற டிரைவர் கையில குடுத்துடுவாங்கன்னு பயந்து, தெனமும் சாயங்காலம் கீழ மணல் போட்டு மூடினேன். விசாரணையில ஒரு ஆபீசரு, பாவம் தமிழ் ஆளு, புரிஞ்சிருக்காதுன்னாரு. நானும் ஆமாங்க, புரியலைன்னுட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நெஜம் மாதிரி ஆயிடுச்சு." என் பக்கம் திரும்பினான். "ரெண்டு வருஷம் ஓபுலேசோட ஒரே சட்டியில துன்னேன்ணா. எனக்குத் தெலுங்கு சொல்லிக் குடுத்ததே அவன்தான். ஆகுன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா?"

நல்லது பண்றேன்னு போயி, அந்த மனுசன் ஒதுங்கி நின்ன கூரையைப் பிரிச்சுட்டேன்.

"பழைய பெட்டியையே மாட்டிக் குடுணா"ன்னான்.

"பைத்தியமாடா உனக்கு? இன்னொரு உசுரு போவணுமா?"

"திட்டினாலும் அதுல அவன் குரல் இருந்துச்சுணா. காலையில இருந்து அவன் எங்கிட்ட பேசவே இல்ல."

ஸ்டேரிங்கை விட்டு எறங்கிட்டான். நான் இந்தப் பக்கம் மாறி உக்காந்து நகரிக்கு ஓட்டிக்கினு வந்தேன். வழி பூரா அவன் குனிஞ்சு, அடித்தகரத்துல காதை வெச்சுக் கேட்டுக்கினே வந்தான்.