கசியாத டம்ளர்

"உனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது வாயத் திறந்து கேளேன்" என்று போன மாதம் கணவன் அவளிடம் சொன்னான்.

"முதல்ல உங்க தண்ணி டம்ளர்ல நிக்கட்டும். அப்புறம் கேக்கறேன்."

"நம்ம தண்ணி" என்று திருத்திவிட்டுச் சிரித்தான்.

இப்போது அவன் கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தான். உள்ளறையில் அவனுடைய கணினி இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

கணினிக்குள் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதுதான் அவன் ஆராய்ச்சி. ஒவ்வொரு துளியும் எங்கே போகும், கண்ணாடியில் எப்படி மோதும் என்று கணக்குப் போட்டே நகர்த்த வேண்டும். பதினோரு வருடமாக அந்தத் தண்ணீர் டம்ளரின் சுவர் வழியே கசிந்து காணாமல் போனது. தண்ணீரும் கண்ணாடியும் தொடுகிற இடத்துக்கான கணக்கைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியவள் அவள். இருவருக்கும் ஒரே படிப்பு. ஆய்வுக்கூட வேலை அவனுக்குக் கிடைத்தது. அவன் கட்டுரைகளின் கடைசி வரியில் 'என் மனைவிக்கு நன்றி' என்று வரும்.

அவள் எழுதிய புதுக் கணக்கை நேற்றுக் காலை கணினியில் ஓடவிட்டுவிட்டுத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

நாத்தனார் மூன்றாவது முறையாக வந்து, சாவு வீட்டில் இந்த இரைச்சல் எதற்கு, அணைத்துத் தொலை என்றாள்.

"முடியட்டும் அண்ணி. அணைக்க மாட்டேன்."

"புருஷனக் கிடத்திட்டு டம்ளரப் பாத்துட்டு உக்காந்திருக்கியே, நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும். உங்க தம்பி இருந்தா முதல்ல அவருதான் சிரிப்பாரு."

ஆய்வுக்கூடத் தலைவர் வந்தார். உடலருகே வெகுநேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு அவளிடம் தயங்கித் தயங்கிப் பேசினார். கட்டுரை அனுப்ப நாளையே கடைசி நாள். முடிவைக் கொடுத்தால் அவன் ஒருவன் பெயரிலேயே, அவன் நினைவாக வெளியிடலாம். அந்தத் தொடும் இடத்துக் கணக்கு மட்டும் அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. குறிப்பு ஏதாவது எழுதி வைத்திருக்கிறானா?

உள்ளே இரைச்சல் நின்றது.

அவள் எழுந்து போனாள். அவர் பின்னால் வந்தார். திரையில் தண்ணீர் விழுந்து, சுழன்று, விளிம்புவரை ஏறி, இரண்டு முறை தளும்பி அடங்கியது. கீழே இரண்டு எண்கள்: ஊற்றிய அளவு, இருக்கிற அளவு. இரண்டும் சமம்.

கணவனின் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.

"குறிப்பெல்லாம் இல்ல சார். அத எழுதினது நான்."

அவள் கூடத்துப் பக்கம் திரும்பி, அங்கே படுத்திருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"என் பேர முதல்ல போடுங்க. அவரு பேரு ரெண்டாவது."