லிவர் நழுவியதற்கான விளக்கம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதை நான் கதையாக யோசிக்கவே இல்லை. கொழுந்தனுக்காக எழுத உட்கார்ந்த விளக்கக் கடிதம் கைமீறிப் போனதில் மிஞ்சியது இது. அவன் ராணுவப் பணிமனையில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைத்தாள் கட்டோடு வந்து நின்றான்.

"அண்ணி, நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. எழுதிக் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. எனக்கு ஸ்பேனர்தான் பிடிக்கத் தெரியும். நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்களே."

"கதை வேற, இது வேறப்பா."

"ரெண்டும் நம்புற மாதிரி இருந்தாப் போதும்ல?"

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

2

முதல் முயற்சி: 'பள்ளத்தில் சரிந்திருந்த லாரி, களைத்துப்போன யானையைப் போல...'

(அடித்துவிட்டேன். லாரி லாரியைப் போலத்தான் கிடந்ததாம்.)

இரண்டாம் முயற்சி: 'ரெக்கர் என்பது பழுதான வண்டிகளைத் தூக்கவும் இழுக்கவும் ராணுவம் வைத்திருக்கும் கனரக லாரி. இன்ஜினின் சக்தியை இழுவைக் கேபிளுக்குத் திருப்பிவிட, கியர்பெட்டியின் பக்கவாட்டில் சிறு பெட்டி ஒன்று உண்டு. அதை பி.டி.ஓ. என்பார்கள். ஓட்டுநர் லிவரைத் தள்ளினால் அது கியரில் விழும், கேபிள் சுற்றும். சம்பவத்தன்று பள்ளத்தில் கிடந்த லாரியை ரெக்கர் இழுக்கையில், பளு ஏறியதும் லிவர் தானாக நழுவியது.'

இது பரவாயில்லை. கொழுந்தனும் தலையாட்டினான்.

3

"ஏன் நழுவுச்சு?"

"லிவர்லேருந்து போற கம்பி அளவு தப்பியிருக்கலாம். இல்லேன்னா கியரைப் பிடிச்சு நிறுத்துற ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அதுவும் இல்லேன்னா பல்லும் பல்லும் முழுசாச் சேராம நுனியில மட்டும் கடிச்சிட்டிருக்கும்."

"இதுல எது?"

"ஸ்பிரிங்னு போடுங்க."

அந்தப் 'போடுங்க' உறுத்தியது. கதாபாத்திரம் மழுப்பினால் எழுதுகிறவளுக்குத் தெரியாமல் போகாது.* தோண்டித் துருவினேன். டீ ஆறி ஆடை படிந்த பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

போன மாதம் அந்த பி.டி.ஓ. பெட்டியில் ஆயில் ஒழுகியிருக்கிறது. பெட்டி பொருந்தும் இடத்தில் கசிவை அடைக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுக்கச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே புதிதாக ஒன்றை வைத்து முடுக்கிவிட்டான். ஒழுகல் நின்றது. ஆனால் கேஸ்கட்டின் கனம் கூடினால் பெட்டி கியரிலிருந்து விலகி நிற்கும், பல் முழுசாகக் கடிக்காது. சம்பவத்தன்று லிவர் இரண்டு முறை நழுவியதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. பிரித்துப் பார்க்க நேரமில்லை. வண்டிக்கு அடியில் புகுந்து, லிவர் நகராதபடி அதன் கம்பியைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்து, "சரியாயிடுச்சு, இழுங்க" என்று சொல்லியிருக்கிறான்.

கொக்கி மாட்டுகிறவரின் கை கேபிளுக்கும் அது சுற்றும் உருளைக்கும் நடுவில் போனது. "நிறுத்து!" என்று அலறினார். (ஓட்டுநர் கிளட்சை மிதித்திருக்கலாமே என்பீர்கள். அவர் வெளியே படியில் நின்று பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.) கைக்கு எட்டிய லிவரை ஓட்டுநர் இழுத்தார். அசையவில்லை. உள்ளே பாய்ந்து இன்ஜினை அணைக்க நாலு நொடி ஆனது. இரண்டு விரல்கள் போயின.

அந்தக் களேபரத்தில் கொழுந்தன் கட்டுக்கம்பியை வெட்டி எடுத்துவிட்டான். லிவர் இறுகியிருந்ததாக ஓட்டுநர் சொல்வதை இப்போது யாரும் நம்பவில்லை. 'ஊழியரின் கவனக்குறைவு' என்று விசாரணை முடிந்தால் கொக்கிக்காரருக்கு வேலை போய்விடும். உண்மை தெரிந்தால் கொழுந்தனுக்குப் போய்விடும்.

எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. என் பிரசவத்தின்போது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவன் என்பதும் கூடவே ஞாபகம் வந்து தொலைத்தது.

* பொய். பல கதைகளில் எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

4

"நடந்ததை நடந்தபடி எழுதட்டுமா?"

"அதை உங்க கதையில எழுதிக்குங்க அண்ணி. கடிதத்துல ஸ்பிரிங்."

ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, இறுக்கியதும் லிவர் சரியாக வேலை செய்தது என்று எழுதினேன். தெளிவாக இருக்கிறது என்று பாராட்டு வேறு. கையெழுத்துப் போட்டு மடித்து வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்தான்.

கதையை இங்கேயே முடித்திருப்பேன். வாசகர் என்னைத் திட்டியிருப்பார், அவ்வளவுதான்.

5

நாலு மணிக்குக் கொக்கிக்காரரே மனைவியோடு வந்தார். வலக்கையில் பெரிய கட்டு.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நானும் எழுதிக் குடுக்கணுமாம், கை இப்படி இருக்கு. நீங்க நல்லா எழுதுவீங்கன்னு தம்பி எப்பவும் பெருமையாச் சொல்லுவாரு."

தாளை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும்.

"மெக்கானிக் தம்பி வண்டியைச் சரியாத்தான் பண்ணிக் குடுத்தாரு. நான்தான் அவசரப்பட்டுக் கையை விட்டேன்னு எழுதுங்க."

அவர் மனைவி குறுக்கிட்டார். "நெசமாவே உங்க தப்புதானா? பன்னெண்டு நாளாக் கேக்குறேன்."

"பின்ன யார் தப்புங்குறே? வண்டிதான் நல்லா இருந்துச்சே."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. கொழுந்தன் எழுந்துவிட்டான். வெளியே வரவில்லை.

'அன்று காலை கேபிளில் என் கை சிக்கியதற்குக் காரணம்' என்பது வரை எழுதியிருக்கிறேன். அதற்குமேல் ஓடவில்லை. வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா? நீங்க எழுதினாச் சரியாத்தான் இருக்கும். எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டுங்க" என்று பேனாவை வாங்க இடக்கையை நீட்டுகிறார்.

அந்த வரியை நீங்கள் முடித்துக் கொடுங்கள். அவர் கை நீட்டியபடியே இருக்கிறார்.