வெங்கடேஸ்வரன் தன் வலிக்குப் போட்ட மதிப்பெண்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது களவாடிய கதை. 2004 மார்ச்சில் டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு நர்ஸ்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். காதைக் கழற்றியா வைக்க முடியும்? கேட்டேன். பேசியது மலையாளத்தில்; பாதி புரிந்தது, மீதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன்.

தொடக்கம், முதல் முயற்சி: "டெல்லியின் அந்த மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே இலவம்பூக்கள் ரத்தச் சிவப்பில்—"

(வேண்டாம். ரத்தம் பின்னால் வருகிறது. இப்போதே எதற்குச் செலவழிக்க வேண்டும்?)

2

நேராக ஆளுக்கு வருவோம். வெங்கடேஸ்வரன், வயது அறுபத்தாறு, மத்திய அரசு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. பெரிதாகக் கிழிக்கவெல்லாம் இல்லை. தொடை இடுக்கில் சின்னதாய் ஒரு துளை, அதன் வழியே ஒரு கம்பி, ஒரு பலூன், அவ்வளவுதான். பத்து மணிக்கு முடிந்துவிட்டது. ஆறு மணி நேரம் கால் மடக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும். மணிக்கொரு தரம் கனிமொழி சிஸ்டர் வந்து கேட்பாள்: வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து, உங்களுக்கு எத்தனை?

(மலையாளி நர்ஸ் எப்படிக் கனிமொழி ஆனாள் என்று முணுமுணுக்காதீர்கள். எனக்கு மலையாளம் எழுத வராது. அதனால் அவள் கோவில்பட்டியில் பிறந்து, முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.)

பதினொரு மணிக்கு "ரெண்டு" என்றார். பன்னிரண்டுக்கும் "ரெண்டு". ஒரு மணிக்கு "மூணு".

வலி மூன்று என்றால் ஒரு மாத்திரை போதும் என்றது அட்டவணை. கனிமொழிக்கு மனசு கேட்கவில்லை. மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. துளை போட்ட இடத்தில் வீக்கமில்லை, கட்டும் நனையவில்லை. ஆனால் வலி இடுப்புக்குப் பின்னால் என்றார். வெளியே தெரியாமல் உள்ளுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படித்தான் வலிக்கும். விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும்.

3

டாக்டர் ஹரிஷங்கரிடம் ஓடினாள். அவர் அடுத்த நோயாளிக்காகக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வலி எத்தனை?"

"மூணுங்கிறார் டாக்டர். ஆனா பி.பி. கொஞ்சம் எறங்கியிருக்கு. எனக்குச் சரியாப் படல."

"அரே சிஸ்டர், காலைலேந்து பட்டினி, அதோட பயம். மூணுக்குப் போய் யாராவது ஸ்கேன் எடுப்பாளா? மாத்திரை குடுங்கோ."

இங்கே ஒரு வாக்கியம் எழுதி அடித்தேன்: "கனிமொழியின் கண்களில் ஒரு தீப்பொறி—" தீப்பொறியும் இல்லை, ஒன்றும் இல்லை. காலை டிஃபன் சாப்பிடாத தலைவலிதான் இருந்தது.

அவளே எட்டு என்று எழுதித் தொலைத்திருக்கலாமே என்கிறீர்களா? என் பேனாவும் அதற்குத்தான் துடித்தது. நோயாளி சொல்லாததை எழுத மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டாள். நான் உருவாக்கிய பாத்திரம், என் பேச்சையே கேட்பதில்லை.

4

கட்டிலருகே மனைவி பட்டு மாமி உட்கார்ந்திருந்தாள்.

"மாமி, சார் எப்பவுமே இப்படித்தானா? எல்லாத்தையும் கொறைச்சுக் கொறைச்சு…"

"ஏன் கேக்கறே போ! ஆபீஸ்ல எல்லாருக்கும் சி.ஆர். எழுதின கையாச்சே. ராப்பகலா உழைச்சவாளுக்கும் 'சுமார்'னுதான் போடுவார். என் சாம்பாருக்கே முப்பத்தெட்டு வருஷமா 'பரவாயில்லை'தான்."

(சி.ஆர். என்றால் கீழே வேலை பார்ப்பவர்களைப் பற்றி அதிகாரி வருடாவருடம் எழுதும் ரகசிய அறிக்கை. இவர் எழுதியதால் பதவி உயர்வு நின்றுபோனவர்கள் ஆர்.கே.புரத்தில் இன்னும் இவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது தனிக்கதை.)

கனிமொழி அவர் முகத்தருகே குனிந்தாள். "சார், இதுவரைக்கும் உங்களுக்கு வந்ததிலேயே பெரிய வலி எது?"

"எண்பத்தொம்பதுல கிட்னியில கல்லு. தரையில உருண்டேன்."

"அதுக்கு எத்தனை போடுவீங்க?"

யோசித்தார். நியாயஸ்தர், சும்மா சொல்ல மாட்டார். "நாலு."

"நாலா! அப்ப பத்து?"

"பத்தெல்லாம் போடற வழக்கமே இல்லம்மா. அதைவிட மோசமா ஒண்ணு வந்தா என்ன பண்றது?"

அட, படுபாவி மனுஷா! சொந்த வலிக்குமா சி.ஆர். எழுதுவது?

கனிமொழி மறுபடி ஓடினாள். "டாக்டர், அவருக்கு நாலுதான் பத்து! இப்ப மூணு சொல்றார்!"

ஹரிஷங்கர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தார், வயிற்றின் பக்கவாட்டை அமுக்கிப் பார்த்தார். "ஜல்தி! ஸ்ட்ரெச்சர் கொண்டா! ஸ்கேனுக்கு ஃபோன் பண்ணு, ரத்தம் ரெடியா இருக்கட்டும்!"

5

இனி முடிவு. அது எனக்குத் தெரியாது. அந்த நர்ஸ்களுக்குப் பஸ் வந்துவிட்டது. நானே இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: பிழைத்து வந்து கனிமொழிக்குப் பத்துக்குப் பத்து போடுகிறார். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. இந்த மனிதராவது, பத்தாவது!

முடிவு ஆ: பிழைக்கவில்லை. வார்டு வாசலில் பட்டு மாமி அவருடைய செருப்பைக் கையில்… முடியவில்லை, கிழித்துப் போட்டேன்.

என்னிடம் மிச்சமிருப்பது இவ்வளவுதான். லிஃப்ட்டுக்காக ஸ்ட்ரெச்சர் காத்திருக்கிறது. பட்டு மாமி அவர் கையை விடவில்லை. மணி ஒன்றரைதான், ஆனாலும் கனிமொழி கேட்கிறாள்:

"சார், இப்ப எத்தனை?"

கண்ணைத் திறக்காமலே சொல்கிறார்: "அஞ்சு."

கிட்னிக் கல்லுக்கே நாலுதான் போட்ட மனிதர். மாமி அவர் கையை விட்டுவிட்டுச் சுவரோரமாய் ஒதுங்கி நிற்கிறாள்.

கதவு திறந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரும் கனிமொழியும் டாக்டரும் ஏறியது போக, உள்ளே இன்னும் ஒருவருக்குத்தான் இடம். எனக்குத் தைரியமில்லை. நான் மாமியோடு இங்கேயே இருக்கிறேன், நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள்.